கையின் விரைவும் கருத்தின் நிதானமும்

ஒருவருடைய குறை எங்கே இருக்கின்றது என்று அறிய விரும்பினால், அவருடைய திறமை எங்கே இருக்கின்றது என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும். இரண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்த வீடுகளிலேயே குடியிருக்கும். நன்றாகப் பேச வல்லவர் பேசக் கூடாத இடத்திலும் பேசிவிடுகின்றார். நினைவாற்றல் மிக்க மாணாக்கன் பொருளை விளங்கிக்கொள்ளாமலே பாடத்தை ஒப்புவித்துவிடுகின்றான். இவ்வுண்மையை இவ்வாரம் ஒரு சதுரங்க வீரரைக் கொண்டு ஆராய எண்ணுகின்றோம்.

சதுரங்கத்தை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. “பையன் கைத்தொலைபேசியிற் சதுரங்கம் ஆடுகின்றான். ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று ஆட்டம் முடிகின்றது. உடனே அடுத்த ஆட்டம் தொடங்குகின்றது. இதனாற் புத்தி வளருமா, அல்லது பொழுதுதான் போகுமா?” என்று பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. இவ்வகை ஆட்டத்தில் உலகத்தின் முன்வரிசையில் நிற்கும் ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் விடை தெளிவாகும். அவர் அமெரிக்க வீரர் ஹிக்காரு நக்கமுரா.

நக்கமுரா 1987ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி ஜப்பானில் ஒசாக்கா மாகாணத்தைச் சேர்ந்த ஹிரகட்டா நகரிற் பிறந்தார். தந்தையார் ஜப்பானியர், தாயார் அமெரிக்கர். இரண்டு வயதில் அமெரிக்கா சென்றவர், ஏழு வயதளவிற் சதுரங்கம் ஆடத் தொடங்கினார். அவருக்கு ஆசிரியராக அமைந்தவர் அவருடைய சிறிய தகப்பனாரான சுனில் வீரமந்திரி. தாயார் மறுமணஞ் செய்துகொண்டவர். வீரமந்திரி நம் இலங்கையர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நியூயோர்க் நகரப் பாடசாலைகளிற் பல்லாண்டுகள் சிறுவர்க்குச் சதுரங்கம் கற்பித்து, அக்கலை பற்றி நூலும் எழுதிய நல்லாசிரியர் அவர். நக்கமுரா 10 வயதில் அமெரிக்கச் சங்கத்தின் மாஸ்டர் பட்டம் பெற்றார். 2003ஆம் ஆண்டில், 15 வயதும் 79 நாளும் நிரம்பியபோது கிராண்ட் மாஸ்டர் ஆனார். 1958 முதல் பொபி பிஷர் வைத்திருந்த அமெரிக்கச் சாதனையை ஏறக்குறைய மூன்று மாதத்தால் முறியடித்தார். 2005 தொடக்கம் 2019 வரையில் ஐந்து முறை அமெரிக்காவின் சாம்பியனாக விளங்கினார்.

ஆயினும், இவருடைய பெயர் உலகெங்கும் பரவியது விரைவாட்டத்தினாலேயாம். விரைவாட்டம் என்றால் என்ன என்பதை ஆட்டம் பழகாதவர்க்காகச் சிறிது கூறுவோம். உலகப் பட்டத்துக்குரிய பெரும் போட்டிகளில் ஒருவருக்கு முதல் 40 நகர்த்தல்களுக்கு 2 மணித்தியாலம் கிடைப்பது வழக்கம். பிளிட்ஸ் என்னும் மின்னலாட்டத்தில் மூன்று அல்லது ஐந்து நிமிடமே முழு ஆட்டத்துக்கும் உரியது. புல்லட் என்னும் குண்டு வேக ஆட்டத்திலோ ஒரே நிமிடந்தான். 60 நகர்த்தல் ஆட வேண்டி வந்தால் ஒன்றுக்கு ஒரு வினாடி என்பது கணக்கு. நேரம் முடிந்தவர், பலகையில் எத்துணைச் சிறந்த நிலையில் இருப்பினும், தோற்றவராகின்றார்.

செஸ்.கொம் என்னும் இணையத் தளம் ஆண்டுதோறும் ஒரு பெரும் விரைவாட்டப் போட்டியை நடத்துகின்றது. இரு வீரர் எதிரெதிரே மூன்று மணித்தியாலம் இடையறாது பொருதுவர். முதல் 90 நிமிடம் ஐந்து நிமிட ஆட்டங்கள். அடுத்த 60 நிமிடம் மூன்று நிமிட ஆட்டங்கள். இறுதி 30 நிமிடம் ஒரு நிமிட ஆட்டங்கள். நகர்த்தல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாடி மேலதிகமாகக் கிடைக்கும். இப்போட்டியில் 2018 முதல் 2022 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றவர் நக்கமுரா. 2022இல் நடந்த இறுதிப் போட்டியிலே, அக்காலத்து உலக சாம்பியனாகிய மக்னஸ் கார்ல்சனை 14½ - 13½ என்ற புள்ளியில் வென்றார். 28 ஆட்டங்கள் ஆடி ஒரு புள்ளியால் வெற்றி! அடுத்த ஆண்டுப் போட்டியில் கார்ல்சன் அதே ஒரு புள்ளி வித்தியாசத்தில் அவரை வென்றார் என்பதையுஞ் சொல்லிவிட வேண்டும்.

இனி, இவ்வீரருடைய வலிமை எதில் இருக்கின்றது என்று பார்ப்போம்.

முதலாவது, சேமிப்பு. விரைவாக ஆடுபவர் விரைவாகச் சிந்திக்கின்றார் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. அவர் முன்னமே சிந்தித்து வைத்திருக்கின்றார். 1973ஆம் ஆண்டில் வில்லியம் சேஸ், ஹேர்பேர்ட் சைமன் என்னும் இரு அமெரிக்க அறிஞர் ஒரு சோதனை செய்தனர். உண்மையான ஆட்டம் ஒன்றிலிருந்து எடுத்த நிலையைச் சில வினாடிகள் காட்டி மறைத்தபோது, தேர்ந்த வீரர் காய்களைப் பெரும்பாலும் சரியாக மீண்டும் அடுக்கினார். புதிதாகப் பழகியவர் சிலவற்றையே அடுக்கினார். ஆனாற் காய்களை ஒழுங்கின்றிச் சிதறவிட்டுக் காட்டியபோது இருவருக்கும் வேற்றுமை ஏறக்குறைய இல்லாது போயிற்று. தேர்ந்தவருடைய கண் தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை. பழகிய அமைப்புக்களையே பார்க்கின்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் வரியை ஒரே பார்வையில் வாசிக்கும் பெரியவருக்கும் உள்ள வேற்றுமை போன்றது இது. நக்கமுரா ஒரு வினாடியில் ஆடும் நகர்த்தலுக்குப் பின்னால் பல்லாயிரம் ஆட்டங்களின் பழக்கம் நிற்கின்றது.

இரண்டாவது, போதுமென்ற மனம். சிறந்த நகர்த்தலைத் தேடி 20 வினாடி செலவிடுவதிலும், நல்ல நகர்த்தலை இரண்டு வினாடியில் ஆடி எதிரியைச் சிந்திக்க வைப்பதே விரைவாட்டத்திற் பயன் தரும். கடிகாரமும் அங்கே ஒரு காய். அதைக் கொண்டும் எதிரியைத் தாக்கலாம். இணைய ஆட்டத்தில் இதற்கு ஓர் உபாயமும் உண்டு. எதிரி இன்னது ஆடுவான் என்று ஊகித்து, அவன் ஆடுமுன்னரே தமது பதிலைக் கணினியிற் குறித்து வைக்கலாம். ஊகம் பலித்தால் நேரம் ஏறக்குறையச் செலவே இல்லை. தவறினாற் காய் வீணே பறிபோகும். எங்கே ஊகிக்கலாம், எங்கே கூடாது என்று அறிவதில் நக்கமுராவுக்கு நிகரானவர் மிகச் சிலரே.

மூன்றாவது, எதிரியை அறிதல். 2008ஆம் ஆண்டில் றிப்கா என்னும் வலிமை மிக்க கணினி நிரலோடு அவர் ஒரு மூன்று நிமிட ஆட்டம் ஆடினார். கணக்கிடுவதிற் கணினியை வெல்லல் அரிது. ஆதலாற் பலகையின் வழிகளையெல்லாம் காலாட்களைக் கொண்டு அடைத்துவிட்டு, காய்களைப் பின்னால் வாளா அசைத்துக்கொண்டிருந்தார். காய் வெட்டப்படாமலும் காலாள் அசையாமலும் இருவரும் 50 நகர்த்தல் ஆடினால் ஆட்டம் சமநிலையாகும் என்பது விதி. தானே மேல்நிலையில் இருப்பதாகக் கணக்கிட்ட நிரல், சமநிலையைத் தவிர்க்கும் பொருட்டுத் தன் அரணைத் தானே திறந்தது. நக்கமுரா 271 நகர்த்தல்களில் அதனை வென்றார். நிரல் மாற்றமுடியாத தன் கணக்குக்குத் தானே இரையாயிற்று. அதனைக் கண்டுகொண்டதே அவருடைய திறமை.

நான்காவது, தோல்வியைத் தாங்கும் உரம். மூன்று மணித்தியாலத்தில் ஏறக்குறைய 28 ஆட்டம் ஆடுபவன் அவற்றுட் பலவற்றில் தோற்றே தீருவான். தோற்ற ஆட்டத்தை எண்ணி வருந்துவானாயின் அடுத்ததிலும் தோற்பான். நக்கமுரா நெருக்கடியான நிலையிற் சளைக்காது தற்காத்து நிற்பதிலும், தோற்றவுடன் ஒன்றுமே நடவாதது போல அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவதிலும் பெயர் பெற்றவர்.

இவ்வளவு திறமையுடையவர் உலகப் பட்டத்தை ஏன் அடையவில்லை? நீண்ட ஆட்டத்தில் உலகப் பட்டத்துக்கான நேருக்கு நேர்ப் போட்டியிற்கூட, 2024ஆம் ஆண்டு முடியும்வரையில் அவர் அமர்ந்ததில்லை. இக்கேள்வியை அவரிடத்துப் பகைமையாற் கேட்கவில்லை. கற்கும் பொருட்டே கேட்கின்றோம்.

இளமையில் அவரிடம் இருந்த ஒரு குறை வெளிப்படையானது. 2005ஆம் ஆண்டில் வட ஐரோப்பாவில் நடந்த ஒரு போட்டியிலே, சென்னையைச் சேர்ந்த கிராண்ட் மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரணுக்கு எதிராக, இரண்டாம் நகர்த்தலிலேயே அரசியைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுவந்தார். சதுரங்கம் பழகும் பிள்ளைகளை ஆசிரியர் முதலிற் கண்டிப்பது இத்தகைய நகர்த்தலுக்காகவே. எதிரி திகைத்து நேரத்தைச் செலவிட்டால் விரைவாட்டத்தில் இது பலிக்கும். இரண்டு மணித்தியாலம் கையிலுள்ள சசிகிரணுக்குத் திகைப்பு எதற்கு? அவர் பொறுமையாக ஆடி வென்றார். திகைக்க வைக்கும் ஆயுதம் திகைப்பதற்கு நேரம் இல்லாதவனிடத்தில் மட்டுமே கூர்மையுடையது. இக்குறையை நக்கமுரா பின்னாளில் பெரிதுந் திருத்திக்கொண்டார். 2015ஆம் ஆண்டு ஒக்டோபரில் 2816 என்னும் உயர்ந்த தரப்புள்ளியை அடைந்தபோது, அவருடைய தொடக்க ஆட்டம் உறுதி பெற்றிருந்தது.

அடுத்தது, வெற்றியின் வாயிலில் நிற்க வேண்டிய நேரத்தில் நில்லாமை. 2014ஆம் ஆண்டு சூரிச் நகரிற் கார்ல்சனோடு ஆடிய ஆட்டத்தை இதற்கு எடுத்துக்காட்டலாம். நக்கமுராவின் படை கார்ல்சனுடைய அரசனைச் சூழ்ந்து நின்றது. வெல்லும் வழி பலகையில் இருந்தது. அவர் அதை விட்டு வேறு வழியிற் சென்றார். ஆட்டத்திற் கார்ல்சனே வென்றார். நீண்ட ஆட்டத்திற் கார்ல்சனிடம் 12 முறை தோற்ற பின்னரே, 2016ஆம் ஆண்டு பில்பாவோ நகரில் நக்கமுராவின் முதல் வெற்றி வந்தது. விரைவாட்டத்தில் இவ்விருவரும் ஏறக்குறைய ஒத்த நிலையில் நின்றவர் என்பதை எண்ணும்போது, இந்த வேற்றுமை சிந்தனைக்குரியது. நிலைமை வழக்கமானதாக உள்ள வரையிற் சேமிப்பு விடை சொல்லும். ஆட்டத்தைத் தீர்க்கும் நேரத்தில் வரும் நிலைமை வழக்கமானதன்று. அங்கே சேமிப்பின் குரலை நிறுத்திவிட்டுப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

மற்றொன்று, இவை எல்லாவற்றிலும் பெரியது: தோல்வியின் விலை இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. 28 ஆட்டங்களில் ஒன்றை இழந்தால் அடுத்த சில நிமிடங்களில் ஈடு செய்யலாம். உலக சாம்பியனுக்கு எதிராளியைத் தெரியும் கன்டிடேட்ஸ் போட்டியில் ஒருவருக்கு 14 ஆட்டங்களே உண்டு. ஒன்று போனால் ஈடு செய்ய நாட்கணக்காகும். சில வேளை ஆண்டுக்கணக்காகும்.

2022ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் மட்றிட் நகரில் நடந்ததைப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நீண்ட ஆட்டத்தை விட்டிருந்த நக்கமுரா, அவ்வாண்டிலேயே திரும்பி வந்து, தகுதிப் போட்டிகளில் வென்று அங்கே ஆடினார். இறுதிச் சுற்றுக்கு முன் அவர் 7½ புள்ளியுடன் இரண்டாம் இடத்தில் நின்றார். எதிரே சீன வீரர் திங் லிரென், 7 புள்ளி. சமநிலை ஒன்றே போதும். இரண்டாம் இடம் நக்கமுராவுக்கே உரியது. அந்த ஓர் ஆட்டத்தில் திங் வென்றார். நக்கமுரா நான்காம் இடத்துக்கு இறங்கினார். சில நாட்களின் பின் கார்ல்சன் தம் பட்டத்தைக் காக்கப் போவதில்லை என்று அறிவித்தார். ஆதலால் இரண்டாம் இடத்தவருக்கும் உலகப் பட்டப் போட்டி கிடைத்தது. 2023ஆம் ஆண்டு அஸ்தானா நகரில் அதை ஆடி உலக சாம்பியன் ஆனவர் அதே திங் லிரென். அரைப் புள்ளி ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் எவ்வளவு பெரியது!

2024ஆம் ஆண்டு ரொறன்ரோவில் மீண்டும் ஒரு வாய்ப்பு வந்தது. அங்கே இந்திய வீரர் விதித் குஜராத்தியிடம் நக்கமுரா இரண்டு ஆட்டத்திலும் தோற்றார். அவ்விரண்டனுள் ஒன்றைச் சமநிலையாக்கியிருப்பினும் 9 புள்ளி பெற்று முதலிடத்தவரோடு சமமாக நின்றிருப்பார். கிடைத்தது 8½. முதலிடத்தவர் சென்னையைச் சேர்ந்த குகேஷ். அப்போது வயது 17. ஏப்ரில் 21ஆம் திகதி இறுதிச் சுற்றில் நக்கமுராவும் குகேஷுமே எதிரெதிரே அமர்ந்தனர். நக்கமுராவுக்கு வெண்காய், வென்றால் முதலிடத்தை எட்டும் வாய்ப்பு. பையன் அசையவில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் சிங்கப்பூரிலே திங் லிரெனை வென்று குகேஷ் உலக சாம்பியன் ஆனார்.

இங்கே வாசகர்கள் வியப்படையத் தக்க செய்தி ஒன்று உண்டு. விரைவாட்டத்தில் அக்காலத்துக் குகேஷ் நக்கமுராவுக்கு ஈடானவர் அல்லர். ஒரு நிமிட ஆட்டத்தில் இருவரையும் அமர்த்தினால் எவர் வெல்வார் என்பதிற் பலருக்கும் ஐயமிராது. குகேஷின் பயிற்சி முறை வேறு. அவருடைய ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா, இளமைப் பருவத்திற் கணினியின் துணையை நாடாது, தம் புத்தியாலேயே நீண்டு கணக்கிடும்படி அவரைப் பழக்கினார். ஒருவர் வினாடிகளைச் சேமிக்கப் பழகினார். மற்றவர் மணித்தியாலங்களைச் செலவிடப் பழகினார். அன்றைய தினம் கேட்கப்பட்டது இரண்டாவது பழக்கம்.

ஆகவே விரைவாட்டம் தீது என்று முடிவு கட்டிவிடலாமோ? அது நேர்மையாகாது. நக்கமுரா தோற்றதெல்லாம் வேகத்தினாலே என்று கூறுவதும் பொருந்தாது. பெரும் போட்டியிற் பெரு வீரர்கள் தோற்பதற்குக் காரணங்கள் பல. 35 வயதில், 2023ஆம் ஆண்டு நோர்வே நாட்டுப் பெரும் போட்டியிற் கார்ல்சன், குகேஷ் முதலியோர் ஆட அவர் முதலிடம் பெற்றார். உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்கும் ஏறினார். பலர் ஆட்டத்தினின்று ஒதுங்கும் வயதில் இவர் ஏறியதற்கு, நெருக்கடியிற் கலங்காத அந்த விரைவாட்ட உரமும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகின்றோம். வேகம் அவருக்குப் பகையன்று. வேகத்தை எங்கே நிறுத்துவது என்பதே அவர் முழுதுங் கற்க வேண்டியிருந்த பாடம்.

இப்பாடம் நம் மாணாக்கருக்கும் உரியது. பரீட்சை மண்டபத்தில் நாம் காண்பது இதுவே. கணக்கைக் கண்டவுடன் எழுதத் தொடங்கும் பிள்ளை பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளை. பழகிய கணக்கு வந்தால் அவனுக்கு நிகர் இல்லை. வினாவில் ஒரு சொல் மாறியிருந்தாலோ, பழைய கணக்கின் விடையை அழகாக எழுதி வைத்துவிட்டு முதல் ஆளாய் எழுந்து வருகின்றான். அவனுக்குப் புத்தி குறைவன்று. சேமிப்பு நிறைய உண்டு. சேமிப்பில் இல்லாதது எது என்று கண்டுகொள்ளும் பழக்கந்தான் இல்லை. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் கூறியது மெதுவாக நடப்பவனைப் புகழ்வதற்காகவன்று. பதறுதல் வேறு, விரைதல் வேறு என்று பிரித்துக் காட்டுவதற்காகவே.

பெற்றோர்க்கு நாம் கூறத்தக்கவை சில. பிள்ளை விரைவாட்டம் ஆடினால் ஆடட்டும். ஆனால் ஆட்டங்களை எண்ணி ஆடட்டும். ஐந்து ஆட்டம் முடிந்தவுடன் தொலைபேசியை வைத்துவிட்டு, தோற்ற ஆட்டம் ஒன்றை எடுத்து எங்கே தவறியது என்று தானே பார்க்கட்டும். கணினி விடையைச் சொல்லுமுன் தன் விடையை எழுதி வைக்கட்டும். கிழமையில் ஒரு நாளாவது மரப்பலகையில், எதிரே ஒரு மனிதரை வைத்துக்கொண்டு, ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாத ஆட்டம் ஒன்று ஆடட்டும். நகர்த்தல்களைக் கையால் எழுதிக்கொள்ளட்டும். எழுதும் கை, ஆடும் கையைச் சற்றுத் தாமதப்படுத்தும். அத்தாமதத்திலேதான் சிந்தனை நுழைகின்றது.

மாணாக்கர்க்குச் சொல்வது ஒன்றே. காயைத் தொடுமுன் உங்களையே கேளுங்கள்: இந்த நிலையை நான் முன்னர் கண்டிருக்கின்றேனா, அல்லது கண்டது போலத் தோன்றுகின்றதா? கண்டிருந்தால் விரைந்து ஆடுங்கள். கண்டது போலத் தோன்றினாற் கைகளைத் தொடையின்கீழ் வைத்துக்கொண்டு உட்கார்ந்து யோசியுங்கள். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குச் சில வினாடிகளே வேண்டும். எவ்வளவு வேகமான ஆட்டத்திலும் அந்தச் சில வினாடிகளைச் செலவிடுவதில் நட்டமில்லை.